செவ்வாய்க்கு ஒரு நுணுக்குக்காட்டியை அனுப்பினால் போதாதா?

ஹட்டனில் உயர்தர வகுப்பில் உயிரியல் பயிலும் மாணவி ஒருவர் என்னிடம் கேட்டவை இவை: "லயத்துக்குப் பின்னாலுள்ள பீலியில் ஒரு துளித் தண்ணீர் எடுத்துப் பாடசாலை நுணுக்குக்காட்டியில் வைத்தால் நுண்ணங்கிகள் அசைவது தெரிகிறது. அப்படியொரு நுணுக்குக்காட்டியைச் செவ்வாய்க்கு அனுப்பினால் அங்கே உயிர் உண்டா இல்லையா என்பது தெரிந்துவிடாதா? 1976 ஆம் ஆண்டிலேயே கண்டுபிடித்துவிட்டதாகவும் வாசித்தேன். பிறகு ஏன் இன்னும் தேடுகிறார்கள்? நான் ஒரு கருவியை வடிவமைப்பதாக இருந்தால் எங்கிருந்து தொடங்க வேண்டும்?"

நான் எந்த விண்வெளி நிறுவனத்திலும் பணியாற்றியவன் அல்லன். மலையகத்துத் தோட்டங்களிலிருந்து வரும் குடிநீர் மாதிரிகளில் நுண்ணங்கி தேடுவதிலேயே என் தொழில்வாழ்க்கை கழிந்தது. வேற்றுக் கோள்களில் அதையே தேடும் கருவிகளைப் பற்றிப் பல ஆண்டுகளாகப் படித்து வருகிறேன். இவ்விரண்டு வேலைகளும் ஒன்றுக்கொன்று எவ்வளவு நெருக்கமானவை என்பது கீழே தெரியவரும்.

நுணுக்குக்காட்டியிலிருந்து தொடங்குவோம். பீலித் துளியில் நீங்கள் கண்ட அசைவு முழுவதும் உயிரின் அசைவுதானா? 1827 இல் தாவரவியலாளர் ரொபேட் பிரவுண், மகரந்த மணிகளின் உள்ளிருந்த நுண்துகள்கள் நீரில் ஓயாமல் துள்ளுவதைக் கண்டார். மகரந்தம் உயிருள்ள ஒன்றிலிருந்து வந்தது. ஆகவே அது உயிரின் துடிப்பு என்று எழுதிவிட்டு அவர் எழுந்து போயிருக்கலாம். அவர் அப்படிச் செய்யாமல் கண்ணாடித் தூள், உலோகத் தூள், பாறைத் தூள், எகிப்தின் ஸ்பிங்ஸ் சிலையிலிருந்து கிடைத்த ஒரு கல்துணுக்கின் தூள் என்று ஒருபோதும் உயிரில்லாதவற்றையும் நீரிலிட்டுப் பார்த்தார். அவையும் அதேபோலத் துள்ளின. இன்று நாம் பிரவுணியன் அசைவு என்று படிப்பது அதைத்தான். வேற்றுக்கோளில் உயிர் தேடும் கருவிக்கு வேண்டிய புத்தி முழுவதும் அந்தக் கல்துணுக்கில் இருக்கிறது என்றே நான் கருதுகிறேன்.

அடுத்தது எண்ணிக்கை. வளமான தோட்ட மண்ணில் ஒரு கிராமுக்கு நூறு கோடி அளவில் பற்றீரியாக்கள் இருக்கலாம். ஆகையால் எந்தத் துளியை வைத்தாலும் ஏதாவது கண்ணில் படும். வியாழனின் துணைக்கோளான யூரோப்பாவில் ஒரு கருவியை இறக்குவது பற்றி நாசாவுக்காக ஆராய்ந்த அறிவியற் குழு, ஒரு மில்லிலீற்றரில் 100 கலங்கள் இருந்தாலும் கண்டறியும் திறன் வேண்டும் என்று வரையறுத்தது. இதை நம் ஆய்வுகூடக் கணக்கில் பார்ப்போம். கலங்களை எண்ணப் பயன்படும் கண்ணாடித் தகட்டின் ஒரு சதுர மில்லிமீற்றர்க் கட்டத்தில், பத்திலொரு மில்லிமீற்றர் ஆழத்துக்கு, ஒரு மில்லிலீற்றரின் பத்தாயிரத்தில் ஒரு பங்கு நீர்தான் நிற்கும். மில்லிலீற்றருக்கு 100 கலங்கள் என்றால், அத்தகைய நூறு கட்டங்களைத் தேடினால் சராசரியாக ஒரேயொரு கலம் அகப்படும். அந்த நூறு கட்டங்களிலும் களிமண் துகள், உப்புப் பளிங்கு, காற்றுக் குமிழி ஆகியவை ஆயிரக்கணக்கில் கிடக்கும். வடிகட்டிச் செறிவாக்கலாம், டி.என்.ஏ.யுடன் ஒட்டி ஒளிரும் சாயம் சேர்க்கலாம்; ஆனால் அந்தச் சாயம் சில கனிமத் துகள்களிலும் ஒட்டிக்கொள்ளும்.

மூன்றாவது, உருவம். 1984 இல் அந்தாட்டிக்காவின் அலன் குன்றுகளில் எடுக்கப்பட்ட, செவ்வாயிலிருந்து வந்த ஒரு விண்கல்லை ஆராய்ந்த நாசாக் குழுவொன்று, அதில் புழு வடிவ நுண்ணமைப்புகள் உள்ளன என்றும் அவை பழைய நுண்ணங்கிகளின் எச்சமாக இருக்கலாம் என்றும் 1996 இல் அறிவித்தது. படத்தைப் பார்த்தவர்கள் மலைத்துப் போனார்கள். ஆனால் அவற்றில் பல 20 முதல் 100 நனோமீற்றர் அளவே. புரதம் கட்டும் இரைபோசோம் ஒன்றே ஏறக்குறைய 20 நனோமீற்றர் அகலம்; தனித்து வாழும் ஒரு கலத்துக்கு வேண்டிய உறுப்புகளை அடக்க 200 நனோமீற்றர் அளவாவது தேவை என்பதே பொதுவான மதிப்பீடு. உயிரின் உதவியின்றி வெறும் கனிமக் கரைசலிலும் புழு, சுருள், இலை வடிவங்கள் தாமாக வளரும் என்பதும் ஆய்வுகூடங்களில் காட்டப்பட்டிருக்கிறது. இன்று அந்தக் கல்லை உயிருக்குச் சான்றாகப் பெரும்பாலோர் கொள்வதில்லை.

நம் மலைநாட்டிலேயே உருவத்தை வைத்து நுண்ணங்கியைப் பிடித்த பெருமைமிக்க உதாரணம் ஒன்று உண்டு. 1869 இல் இலங்கைக் கோப்பித் தோட்டங்களில் இனங்காணப்பட்ட இலைத்துரு நோயை ஆராய 1880 இல் இங்கு அனுப்பப்பட்ட மார்ஷல் வார்ட், கண்ணாடித் தகடுகளைக் காற்றில் வைத்து அந்தப் பங்கசின் வித்திகளைப் பிடித்துக் காட்டினார். அது எப்படிச் சாத்தியமாயிற்று? அந்த வித்தி எப்படி இருக்கும் என்பது அவருக்கு முன்னரே தெரியும்: சிறுநீரக வடிவம், ஒரு பக்கம் முள், மறு பக்கம் வழவழப்பு. ஹெமிலியா என்ற அதன் பெயருக்கே 'பாதி வழவழப்பானது' என்றுதான் பொருள். தேடப்படும் பொருளின் அடையாளம் கையில் இருந்ததால் ஒரு கண்ணாடித் துண்டே போதிய கருவியாயிற்று. செவ்வாயில் அந்த அடையாளம் நம்மிடம் இல்லை. ஆகவே நுணுக்குக்காட்டி வேண்டாம் என்பதில்லை. அது தனிச் சாட்சியாக நிற்க முடியாது, வேறு சாட்சிகளுக்குத் துணை நிற்கலாம்.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். இங்கேதான் சற்று விரிவாகப் பேச வேண்டும்.

1976 ஜூலை 20 இல் நாசாவின் ஆளில்லா விண்கலங்களான வைக்கிங் 1 உம், செப்டெம்பர் 3 இல் வைக்கிங் 2 உம் செவ்வாயில் இறங்கின. ஒவ்வொன்றிலும் மூன்று உயிரியற் சோதனைகள் இருந்தன. அவற்றுள் இன்றுவரை விவாதிக்கப்படுவது கில்பேட் லெவின், பற்றீசியா ஸ்ட்ராட் ஆகியோரின் சோதனை. லெவின் அடிப்படையில் ஒரு சுகாதாரப் பொறியியலாளர். குடிநீரில் கிருமி கலந்திருக்கிறதா என்பதை விரைவாக அறியவே அவர் இம்முறையை முதலில் உருவாக்கினார். எங்கள் ஆய்வுகூடத்தில் லக்றோசு என்ற பாற்சீனி கலந்த வளர்ப்பு ஊடகத்தில் நீர் மாதிரியை விட்டு, உள்ளே கவிழ்த்து வைத்த சிறிய டர்ஹாம் குழாயில் வாயுக் குமிழி சேர்கிறதா என்று மறுநாட் காலை பார்ப்போம். குமிழி இருந்தால், கழிவு மாசைக் காட்டிக்கொடுக்கும் கொலிபோம் பற்றீரியா இருக்கலாம் என்று பொருள். லெவின் செய்ததும் அடிப்படையில் அதுவே. குமிழியைக் கண்ணால் பார்ப்பதற்குப் பதிலாக, கதிர்த்தொழிற்பாடுள்ள காபன்-14 ஐக் கொண்ட ஏழு எளிய சேர்வைகளை உணவாகக் கொடுத்து, அவற்றைத் தின்ற ஏதாவது காபன்-14 வாயுவை வெளிவிடுகிறதா என்று எண்ணினார். மிகச் சிறிதளவு வாயுவும் அகப்படும். கருவியின் நுட்பம் குறித்து யாரும் குறை சொன்னதில்லை.

அரைக் கன சென்ரிமீற்றர் செவ்வாய் மண்ணில் சில துளி உணவுக் கரைசல் விழுந்ததும் கதிர்த்தொழிற்பாடுள்ள வாயு விரைந்து வெளிவந்தது. அதே மண்ணின் இன்னொரு பங்கை 160 பாகை செல்சியசில் 3 மணித்தியாலம் சூடாக்கிவிட்டு உணவு கொடுத்தபோது அந்த வாயு வரவில்லை. சூட்டில் செத்துப்போன ஒன்றுதான் முன்னர் வாயு விட்டது என்று முடிவு செய்யத் தோன்றுகிறது அல்லவா? பறப்புக்கு முன்னரே எழுதி வைத்திருந்த நிபந்தனைப்படி அது 'உயிர் உண்டு' என்ற விடையே. லெவின் 2021 இல் இறக்கும் வரை அதையே சொல்லி வந்தார்.

ஆனால் மற்றக் கருவிகள் வேறு கதை சொன்னன. இன்னொரு சோதனையில், உணவு எதுவும் கொடுக்காமல் வெறும் ஈரப்பதன் பட்டதுமே மண்ணிலிருந்து ஒட்சிசன் வெளிவந்தது. மண்ணிலேயே கடும் ஒட்சியேற்றும் பொருள் ஏதோ இருக்கிறது என்பதற்கு அது அடையாளம். மண்ணைச் சூடாக்கி வரும் ஆவியை, மூலக்கூறுகளைத் திணிவை வைத்து இனங்காணும் திணிவு நிறமாலைமானியில் ஆராய்ந்த கிளவுஸ் பீமனின் குழுவுக்கு, செவ்வாய்க்குரியது என்று சொல்லத்தக்க சேதனச் சேர்வை, அதாவது உயிருடல்களை ஆக்கும் வகையான காபன் சேர்வை, எதுவும் கிடைக்கவில்லை. கிடைத்த குளோரோமெதேனும் அதன் உறவுச் சேர்வையும் பூமியில் கருவியைக் கழுவிய கரைப்பானின் மீதி என்று ஒதுக்கப்பட்டன. உடலே இல்லாமல் உயிர் எப்படி? லெவினின் சோதனையிலும் ஓர் இடறல் இருந்தது. அதே மண்ணுக்கு இரண்டாம் முறை உணவு கொடுத்தபோது புதிதாக வாயு பொங்கவில்லை. வெளிவந்திருந்த வாயுவில் ஒரு பகுதி மண்ணுக்குள்ளேயே மீண்டது. பசியுள்ள உயிர் இரண்டாம் பந்தியில் இப்படி நடந்துகொள்வதில்லை.

இங்கே என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. வளியமுக்கம் குறைவாதலால் அங்கே நீர் 94 பாகையளவிலேயே கொதித்துவிடும். பருப்பு வேக ஏன் இவ்வளவு நேரம் என்று கொழும்பிலிருந்து வரும் உறவினர்கள் அலுத்துக்கொள்வார்கள். அந்த உயரத்திலிருந்த ஓர் ஆய்வுகூடத்தில் நான் இளநிலையில் இருந்தபோது, அமுக்கக் கிருமிநீக்கியின் இறப்பர் வளையம் பழுதாகிவிட, ஊடகத்தையும் ஐதாக்கும் நீரையும் திறந்த பாத்திரத்தில் அரை மணித்தியாலம் கொதிக்க வைத்துச் சமாளித்தோம். மறுநாள், நீர் மாதிரியே சேர்க்காத வெற்றுக் குழாய்களிலும் குமிழி நின்றது. 121 பாகை நீராவியில்தான் சாகும் வித்திகள் 94 பாகையைப் பொருட்படுத்தவில்லை. வித்தி உண்டாக்கும் பற்றீரியாக்களுள் சில லக்றோசிலிருந்து வாயுவும் உண்டாக்கும். அந்த வாரத்து முடிவுகள் அனைத்தையும் குப்பையில் போட்டோம். அன்று அந்த வெற்றுக் குழாய்களை வைக்காமல் விட்டிருந்தால், சுத்தமான நீரைக் குடிக்கும் பல லயங்களுக்கு 'தண்ணீர் அசுத்தம்' என்ற கடிதம் போயிருக்கும்.

எங்களிடம் இன்னொரு வாரம் இருந்தது, இன்னொரு வளையமும் வாங்க முடிந்தது. வைக்கிங்குக்கு அந்த வசதி இல்லை. அதன் கட்டுப்பாட்டுச் சோதனை, அதாவது ஒப்பிட்டுப் பார்க்க வைக்கும் சோதனை, 'சூடாக்கு' என்பது மட்டுமே. சூடு உயிரைக் கொல்லும் என்பது உண்மை, ஆனால் சூட்டில் சிதையும் உயிரற்ற இரசாயனப் பொருளும் அதே விடையைத் தரும். அந்த இரண்டையும் பிரித்துக் காட்டும் வேறொரு கட்டுப்பாடு பெட்டிக்குள் வைக்கப்படவில்லை. சில மூலக்கூறுகளுக்கு, நம் இரு கைகளைப் போல ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமான இரு வடிவங்கள் உண்டு; உயிர் பெரும்பாலும் ஒரு வடிவத்தையே தெரிவு செய்யும். உணவில் அலனைன், இலற்றிக்கமிலம் ஆகிய இரண்டினதும் இடக்கை வடிவமும் வலக்கை வடிவமும் ஒன்றாகக் கலந்து ஊற்றப்பட்டன. அவற்றைத் தனித்தனிக் குப்பிகளில் கொடுத்து, ஒன்றைத் தின்று மற்றதை விடுகிறதா என்று பார்த்திருந்தால் இந்த ஐம்பதாண்டு வழக்கில் பாதி அன்றே தீர்ந்திருக்கும். லெவினே பின்னாளில் அப்படியொரு சோதனையைத்தான் அனுப்பச் சொன்னார். இதைக் குறையாகச் சொல்லவில்லை. 1970களில் ஒரு சிறு பெட்டிக்குள் அவர்கள் அடக்கியது வியப்புக்குரியது.

திருப்பம் 2008 இல் வந்தது. செவ்வாயின் வடதுருவப் பகுதியில் இறங்கிய நாசாவின் பீனிக்ஸ் விண்கலத்தின் ஈர இரசாயனச் சோதனையில், நைத்திரேற்றை அளப்பதற்காக வைத்திருந்த மின்வாய் எதிர்பாராத அளவுக்கு எகிறியது. அந்த மின்வாய் பேர்குளோரேற்று அயனுக்கு நைத்திரேற்றைவிட மிக அதிகமாகத் தூண்டப்படும். மண்ணில் ஏறக்குறைய அரைச் சதவீதம் பேர்குளோரேற்று இருந்தது. குளிரில் சாதுவாகக் கிடக்கும் அந்த உப்பு, சூடாக்கினால் ஒட்சிசனையும் குளோரீனையும் விட்டு அருகிலுள்ள சேதனப் பொருளை எரித்துவிடும். வைக்கிங்கின் நிறமாலைமானியோ மண்ணைச் சூடாக்கித்தான் ஆராய்ந்தது! 2010 இல் ஆய்வாளர்கள் சிலியின் அத்தகாமாப் பாலைவன மண்ணில் பேர்குளோரேற்றைக் கலந்து சூடாக்கிக் காட்டியபோது, குளோரோமெதேனும் அதன் உறவும் வெளிவந்தன. கழுவிய கரைப்பானின் மீதி என்று 34 ஆண்டுகள் ஒதுக்கி வைத்திருந்தது, செவ்வாய்ச் சேதனப் பொருள் எரிந்த சாம்பலாகவும் இருக்கலாம் என்றாயிற்று. இதனால் உயிர் நிறுவப்படவில்லை. 'இல்லை' என்று சொன்ன கருவியும் நம்பத்தக்க விதத்தில் 'இல்லை' சொல்லவில்லை என்பதே நிறுவப்பட்டது.

ஆக, 1976 இல் கண்டுபிடித்தார்களா என்பதற்கு என் விடை: ஒரு விளைவைக் கண்டார்கள், அதற்கு உயிரற்ற விளக்கம் போதும் என்பதே பெரும்பான்மைக் கருத்து, என் கருத்தும் அதுவே.

இப்போது உங்கள் மூன்றாவது கேள்வி. உணவு கொடுத்து வளர்க்கும் வழியிலிருந்து தொடங்க வேண்டாம் என்பேன். பூமியின் நுண்ணங்கிகளிலேயே நூற்றுக்கு ஒன்றளவைத்தான் ஆய்வுகூட ஊடகங்களில் எளிதாக வளர்க்க முடிகிறது; முன்பின் அறியாத விருந்தாளிக்கு என்ன சமைப்பது? உயிர் தின்பதைத் தேடாமல், உயிர் கட்டி வைப்பதைத் தேடும் பக்கமே கருவியியல் திரும்பியிருக்கிறது. உயிர் மூலக்கூறுகளை எப்படித் தெரிவு செய்கிறது என்பதுதான் தேடும் தடயம்.

அமினோவமிலங்களை எடுத்துக்கொள்ளுங்கள். 1969 இல் அவுஸ்திரேலியாவின் மேர்ச்சிசனில் விழுந்த விண்கல்லில் எழுபதுக்கும் மேற்பட்ட அமினோவமிலங்கள் இருக்கின்றன. அவற்றை எந்த உயிரும் ஆக்கவில்லை. ஆகவே 'அமினோவமிலம் கிடைத்தது' என்ற செய்தியால் மட்டும் எதுவும் நிறுவப்படாது. ஆனால் உயிரற்ற இரசாயனம் எளியதான கிளைசீனை மிகுதியாகவும், சிக்கலானவற்றை வரவரக் குறைவாகவும் ஆக்கும். உயிர் தனக்கு வேண்டிய இருபதை வேண்டிய அளவில் ஆக்கும். மேலும், உயிரற்ற இரசாயனம் இடக்கை, வலக்கை வடிவங்களை ஏறக்குறையச் சமமாக ஆக்கும். நம் புரதங்களோ இடக்கை வடிவங்களையே பயன்படுத்தும். இங்கும் ஒரு பள்ளம் இருக்கிறது: மேர்ச்சிசன் கல்லில் ஐசோவலீன் போன்ற சிலவற்றில் இடக்கை வடிவம் பத்து, பதினைந்து சதவீதத்துக்கு மேலும் மிகுந்து காணப்பட்டிருக்கிறது. ஆகவே சிறு மிகுதியைக் கண்டு துள்ளக்கூடாது. மிகுதி பெரிதாகவும், ஒன்றுக்கு மேற்பட்ட அமினோவமிலங்களில் ஒரே பக்கமாகவும் இருக்க வேண்டும். இந்தப் பிரிப்பைச் செய்ய, தலைமயிரளவு நுண்குழாயில் கரைசலை மின்னழுத்தத்தால் ஓடவிட்டு, லேசர் ஒளியில் ஒளிரவைத்து எண்ணும் கருவிகளைக் கலிபோர்னியாவிலுள்ள நாசாவின் ஜெற் உந்துகை ஆய்வுகூடம் உருவாக்கி, அத்தகாமாவில் ஓர் ஊர்தியிலேற்றிச் சோதித்தும் இருக்கிறது.

கொழுப்பமிலங்கள் இன்னொரு தடயம். கலங்கள் அவற்றை இரண்டிரண்டு காபனாகச் சேர்த்துக் கட்டுவதால் 16, 18 என்று இரட்டை எண்கள் மிகுந்திருக்கும். உயிரற்ற முறையில் உண்டானால் எண்கள் படிப்படியாகச் சரியும், இரட்டை ஒற்றை என்ற பேதம் தெரியாது. செவ்வாயில் நாசாவின் கியூரியோசிற்றி ஊர்தி அகழ்ந்த ஒரு பாறை மாதிரியில் 10, 11, 12 காபன்களைக் கொண்ட சங்கிலிகள் கிடைத்ததாக 2025 இல் அறிவித்தார்கள். அவை ஒருகாலத்தில் கொழுப்பமிலங்களாக இருந்திருக்கலாம். மூன்று எண்களை வைத்து இரட்டையா ஒற்றையா என்று பேச முடியாது; கருவி இன்னும் நீண்ட சங்கிலிகளைக் காணத்தக்கதாக இருந்திருந்தால் பேசியிருக்கலாம்.

எல்லா உயிரும் நம்மைப் போலவே அமினோவமிலத்தால் ஆனது என்று ஏன் கொள்ள வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். மூலக்கூற்றின் கட்டமைப்புச் சிக்கலை மட்டும் அளந்து, தற்செயலாக உண்டாக முடியாத அளவு சிக்கலானவை மிகுந்திருந்தால் உயிர் என்று கொள்ளும் முறைகளும் முன்வைக்கப்பட்டிருக்கின்றன. அவற்றின் எல்லைக்கோடு எங்கே என்பதில் இரசாயனவியலாளர்களிடையே இன்னும் சண்டை ஓயவில்லை. நான் அதற்குள் போகவில்லை.

கருவி என்றதும் உணரியைப் பற்றியே எல்லோரும் பேசுவார்கள். உண்மையில் உயிரை வாங்குவது, மாதிரியை அந்த உணரிவரை கொண்டு சேர்ப்பது. தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் யாரையாவது கேட்டுப் பாருங்கள்: தூளில் சற்று ஈரம் இருந்தாலே சல்லடை அடைத்துக்கொள்ளும். பீனிக்ஸ் கலத்துக்கு நேர்ந்தது அதுவேதான். 2008 ஜூனில் அதன் கை ஒரு வாரி மண்ணைச் சிற்றடுப்பின் சல்லடைமேல் கொட்டியது. மண் கட்டியாக ஒட்டிக்கொண்டு உள்ளே இறங்கவில்லை. பூமியிலிருந்து கட்டளையிட்டுப் பல நாட்கள் சல்லடையை அதிரவைத்த பின்னரே அடுப்பு நிரம்பியது. பிறகு பனி கலந்த மண்ணை எடுத்தபோது அது வாரியிலேயே ஒட்டிக்கொண்டது. அங்கே போய்ச் சல்லடையைத் தட்டிவிட யாரும் இல்லை.

அதோடு, நீர் இருந்தால்தான் பெரும்பாலான சோதனைகளைச் செய்ய முடியும். செவ்வாயின் வளியமுக்கமோ பூமியின் கடல்மட்ட அமுக்கத்தில் நூறில் ஒரு பங்கும் இல்லை. நுவரெலியாவில் 94 பாகையில் கொதிக்கும் நீர், அங்கே உறைநிலைக்குப் பக்கத்திலேயே கொதித்துப் போய்விடும். ஆகவே முதலில் காற்றுப் புகாத, அமுக்கம் தாங்கும், சூடாக்கத்தக்க ஒரு சிறு அறை வேண்டும். அதன் மூடி தூசி படிந்த விளிம்பிலும் கசியாமல் மூட வேண்டும். கியூரியோசிற்றியில் ஏறத்தாழ 40 கிலோகிராம் திணிவுள்ள ஆய்வுகூடம் ஒன்று இருக்கிறது. அதிலேயே மூடிய கிண்ணமொன்றிலிருந்து சோதனைப் பொருளின் ஆவி கசிந்து, ஒவ்வோர் ஆய்விலும் தன் சுவட்டைப் பதித்தது. மண்ணின் வாசனையை அறியப் போன கருவி தன் வாசனையைக் கழித்துப் பார்க்க வேண்டியதாயிற்று. கழித்துப் பார்க்க முடிந்ததற்குக் காரணம், மண் இல்லாத வெற்று ஓட்டங்களையும் அவர்கள் ஓட்டியிருந்ததே.

மேற்பரப்பு மண்ணையே தோண்டிக்கொண்டிருப்பதும் போதாது. அண்டக் கதிர்கள் மேல்மட்டத்திலுள்ள சேதன மூலக்கூறுகளைக் கோடிக்கணக்கான ஆண்டுகளில் சிதைத்துவிடுகின்றன. ஐரோப்பாவின் ரொசலின்ட் பிராங்க்ளின் ஊர்தியில் 2 மீற்றர் ஆழம் துளைக்கும் துரப்பணம் வைத்திருப்பது அதற்காகவே. 2028 இல் ஏவத் திட்டமிட்டிருக்கிறார்கள். நான் ஆவலோடு காத்திருக்கும் கருவி அதுதான்.

மாசு பற்றிச் சொல்லாமல் இந்தப் பதில் முழுமையாகாது. வைக்கிங் இறங்குகலங்களை ஏவுவதற்கு முன்னர் ஏறக்குறைய 112 பாகையில் ஒரு நாளுக்கும் மேலாக உலர்சூட்டில் வைத்து எடுத்தார்கள். இன்றைய கருவிகளின் இலத்திரனியல் உறுப்புகள் பல அந்தச் சூட்டைத் தாங்கா. கருவிகளைப் பூட்டும் அதிசுத்த அறைகளிலேயே வாழப் பழகிய பற்றீரியா ஒன்று, புளோரிடாவிலும் தென் அமெரிக்காவின் பிரெஞ்சுக் கயானாவிலுமாக இரண்டு ஏவுதளங்களில் கிடைத்தது. முதலில் கிடைத்தது பீனிக்ஸ் கலத்தைப் பூட்டிய இடத்தில் என்பதால் அதன் பெயரிலேயே பீனிக்ஸ் இருக்கிறது. 1969 இல் அப்பலோ 12 வீரர்கள் சந்திரனிலிருந்து கழற்றி வந்த, அங்கே முன்னரே இறங்கியிருந்த ஆளில்லா விண்கலமான சேர்வேயர் 3 இன் ஒளிப்படக்கருவிக்குள் நம் வாயில் வாழும் ஒரு பற்றீரியா கிடைத்தது. இரண்டரை ஆண்டுகள் சந்திரனில் உயிரோடு இருந்ததாகப் பல காலம் எழுதினார்கள். பூமியில் திறந்து மாதிரி எடுத்தபோதுதான் புகுந்திருக்கும் என்பதே இன்று ஏற்புடைய விளக்கம். மாதிரி தொடாத ஒரு வெற்றுத் துண்டை அதே கைகள் அதே மேசையில் அதே முறையில் பரிசோதித்திருந்தால் அந்தக் கதையே பிறந்திருக்காது.

சனியின் துணைக்கோளான என்செலடசில் வேலை சற்று எளிது. பனி ஓட்டுக்கு அடியிலுள்ள கடலின் நீர் தென்துருவப் பிளவுகளினூடாக விண்வெளியில் பீய்ச்சியடிப்பதைக் கசினி கலம் 2005 இல் கண்டது. பிறகு அந்தத் தூவானத்தினூடாகவே பறந்து சேதனச் சேர்வைகளையும் ஐதரசனையும் அளந்தது. தோண்டவும் சல்லடையில் அரிக்கவும் அங்கே தேவையில்லை. ஆனால் வினாடிக்குப் பல கிலோமீற்றர் வேகத்தில் மோதும்போது தூவானத்தில் உயிர்க்கலம் இருந்தாலும் நொறுங்கிவிடும்.

செவ்வாயில் இப்போது பேசப்படுவது, பேர்சவெரன்ஸ் ஊர்தி 2024 ஜூலையில் ஜெசரோ பள்ளத்தில் கண்ட, சிறுத்தைப் புள்ளி போன்ற வட்டங்களுள்ள பாறை. புள்ளிகளில் இரும்புப் பொசுபேற்றும் இரும்புச் சல்பைட்டும் இருக்கலாம் என்று 2025 செப்டெம்பரில் வெளியான கட்டுரை கூறுகிறது. பூமியில் சேற்று நுண்ணங்கிகள் இத்தகைய கனிமங்களை விட்டுச் செல்வதுண்டு, உயிரில்லாமலும் அவை உண்டாகலாம். ஊர்தியின் லேசரும் எக்ஸ் கதிரும் அவ்வளவுதான் சொல்லும். மேலே அறிய அந்தத் துண்டு பூமிக்கு வர வேண்டும். கொண்டுவரும் திட்டமோ செலவுச் சிக்கலில் சிக்கிக்கொண்டது.

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டீர்கள். ஈஸ்ட், சீனி, அப்பச்சோடா, தேசிக்காய், நான்கு சிறு போத்தல், நான்கு பலூன் ஆகியவற்றிலிருந்து தொடங்குங்கள். ஒரு போத்தலில் ஈஸ்ட்டையிட்டு வெதுவெதுப்பான சீனிக் கரைசலை ஊற்றுங்கள். இன்னொன்றில் அப்பச்சோடாவையிட்டு, அது முழுவதும் கரைந்து தீருமளவு தேசிக்காய்ச் சாற்றை ஊற்றுங்கள். இரண்டிலும் பலூன் ஊதும், இரண்டிலும் வெளிவருவது காபனீரொட்சைட்டே. இப்போது புதிய ஈஸ்ட்டையும் புதிய அப்பச்சோடாவையும் அதே அளவு நிறுத்து, உலர்ந்த நிலையில் பேக்கரிப் போறணையில் 160 பாகையில் 3 மணித்தியாலம் வைத்துவிட்டு, மற்ற இரு போத்தல்களில் அப்படியே செய்யுங்கள். ஈஸ்ட் ஊதாது. அப்பச்சோடாவும் முன்னர் ஊதியதில் பாதியளவே ஊதும். சூட்டில் அது காபனேற்றாக மாறும்போதே பாதி வாயுவை இழந்துவிட்டது. சூடாக்கினால் குறைகிறது என்பதை மட்டும் வைத்து உயிரைத் தீர்மானித்தால் அப்பச்சோடாவுக்கும் பாதி உயிர் கொடுக்க வேண்டிவரும். பிறகு முதலிரு போத்தல்களுக்கும் இரண்டாம் முறை சீனியும் சாறும் கொடுத்துப் பாருங்கள். எவ்வளவு நேரத்தில் எவ்வளவு ஊதுகிறது என்பதை ஐந்து நிமிடத்துக்கொரு தடவை நூலால் சுற்றளந்து குறித்து வாருங்கள்.

அதன் பின்னர், எந்தப் போத்தலில் என்ன இருக்கிறது என்று தெரியாத உங்கள் வகுப்புத் தோழி ஒருவரிடம் அந்த அளவீடுகளை மட்டும் கொடுத்து, எதில் உயிர் இருந்தது என்று எழுதித் தரச் சொல்லுங்கள். அவர் தயங்கும் இடத்தில் எந்த ஐந்தாவது போத்தலை வைத்திருந்தால் தயக்கம் தீர்ந்திருக்கும் என்று இருவரும் யோசித்து, அந்தப் போத்தலையும் வைத்து மறுபடி செய்யுங்கள்.